மீன் தொட்டி ஃபில்டரைக் கழுவக் கற்றது

2015ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு நான்கு நாட்கள் இருந்தபோது, தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்த மூன்றடி மீன் தொட்டியின் ஃபில்டரைக் கழற்றி, முற்றத்துக் குழாயடியில் வைத்து, அதிலிருந்த ஸ்பாஞ்ச் வாங்கிய நாளின் நிறத்துக்குத் திரும்பும்வரை கசக்கிப் பிழிந்து கழுவினேன். செராமிக் வளையங்களைப் பழைய பல் பிரஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, முறத்தில் பரப்பி, மொட்டை மாடி வெயிலில் மாலைவரை காயவைத்தேன். திருச்சியிலிருந்து அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் வருவதாக இருந்ததால், தொட்டி பளிச்சென்று இருக்கவேண்டும் என்பது ஒன்றே அன்று மனதில் இருந்தது. தொட்டி நீரிலும் பாதியை இறைத்துவிட்டுக் குழாய் நீரை நிரப்பினேன். இரவு விளக்கைப் போட்டபோது ஐந்து கோல்டு ஃபிஷ்களும் கண்ணாடிக்குள் காற்றில் மிதப்பவைபோலத் தெரிந்தன; தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது.

மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த நாள் மாலையில் இரை போட்டபோது மீன்கள் ஓடி வரவில்லை. அவை தொட்டியின் மேல்மூலையில் ஒன்றாகக் கூடி, வாயை நீர்மட்டத்தில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. முதுகுத் துடுப்பு மடங்கிக் கிடந்தது. வாலின் அடிப்பகுதியில் நூல்போலச் சிவப்பு ஓடியிருப்பதை அக்காவின் மகன்தான் முதலில் பார்த்துச் சொன்னான். 24ஆம் தேதி காலையில் இரண்டு மீன்கள் இறந்து மிதந்தன. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மூன்றாவது மீனும் போயிற்று. தண்ணீர் அப்போதும் தெளிவாகத்தான் இருந்தது என்பதே எனக்குப் புரியாத புதிராக இருந்தது. கலங்கிய நீரில் ஒன்றரை வருடம் நன்றாக வாழ்ந்த மீன்கள், தெளிந்த நீரில் எப்படிச் சாகும் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

மார்த்தாண்டத்தில் மீன் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம், மீதமிருந்த இரண்டையாவது காப்பாற்ற மருந்து கேட்டுப் போனேன். அவர் மருந்து எதையும் எடுத்துத் தரவில்லை. “ஃபில்டரை எப்பம் கழுவினீங்க?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “குழாய்த் தண்ணியிலயா? வெயில்லயும் வச்சீங்களா? அப்பம் அதுல இருந்த உயிரு முழுசும் போயிட்டு” என்றார். கையோடு கொண்டுபோயிருந்த ஒரு பாட்டில் தொட்டி நீரில் சிறிதளவைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இரண்டு புட்டிகளிலிருந்து சொட்டுகளை விட்டுக் குலுக்கி வைத்தார். ஐந்து நிமிடங்களில் மஞ்சளாக இருக்கவேண்டிய நீர், இளம் வாழையிலை நிறத்துக்கு மாறியது. அது அம்மோனியா என்றார்.

அம்மோனியா எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மீனிடமிருந்துதான். மீன் தன் உடல் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடக்கும் இரையும், எச்சமும், அழுகும் இலைகளும் அதோடு சேர்கின்றன. ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து பரந்துவிடும். நூற்றிருபது லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் அது போக இடம் இல்லை. அங்கே அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் இருப்பதால்தான் தொட்டி தொட்டியாக நிற்கிறது. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை; கடைசியில் வரும் நைட்ரேட் அந்த அளவுக்குக் கொடியதன்று, வாரந்தோறும் கொஞ்சம் நீரை மாற்றினாலே அடங்கிவிடும். முதல் வேலையைச் செய்பவற்றில் நைட்ரோசோமோனாஸ் பலரும் அறிந்த பெயர். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்பது 1990களில் தெரியவந்தது. இரண்டு வேலைகளையும் தானே முடித்துவிடும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்று 2015இல் கண்டறிந்தார்கள். நான் என் ஃபில்டரை வெயிலில் காயவைத்த அதே ஆண்டு அது.

இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிபவை அல்ல என்பதைத்தான் தொட்டி வைத்திருப்பவர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளவேண்டும். அவை எதையாவது பற்றிக்கொண்டு, தம்மைச் சுற்றி வழவழப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வாழ்கின்றன. கண்ணாடியிலும் கூழாங்கல்லிலும் செடியின் இலையிலும் அவை உண்டு என்றாலும், இரையும் பிராணவாயுவும் இடைவிடாமல் ஓடிவரும் இடம் ஃபில்டர் என்பதால் கூட்டம் அங்கேதான் அதிகம். நன்றாகப் பழகிய ஸ்பாஞ்ச் ஒன்றை விரலால் நீவிப் பாருங்கள். மேலே தளர்வாக ஒரு பழுப்புச் சகதி வரும். அதை ஒதுக்கிவிட்டால் அடியில் ஸ்பாஞ்சின் ஒவ்வொரு இழையையும் மூடியபடி, ஊறவைத்த சப்ஜா விதையைத் தொட்டதுபோல ஒரு வழுக்கல் இருக்கும். மேலே இருக்கும் சகதி அழுக்கு. அடியில் இருக்கும் வழுக்கல் உயிர். அன்று குழாயடியில் நான் கசக்கிக் கசக்கிப் போக்கியது இரண்டையும்தான். குழாய் நீரில் இருந்த குளோரின் மிச்சமிருந்ததில் பெரும்பகுதியைக் கொன்றது. அதற்கும் தப்பியவற்றை வெயில் காயவைத்துக் கொன்றது.

எங்கள் அம்மா இதை ஒரே நொடியில் புரிந்துகொண்டார்கள். மோர்ச்சட்டியை ஒருநாள் ஒட்டக் கழுவிவிட்டால் மறுநாள் பாலுக்கு உறை ஊற்ற என்ன இருக்கும் என்று கேட்டார்கள். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் இதுவரை எங்கும் படித்ததில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: தயிர் ஓரிரவில் தோய்ந்துவிடும், ஆனால் இந்த பாக்டீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. சாதாரணக் குடல் பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும் என்றால், இவற்றுக்கு நல்ல சூழலிலேயே அரை நாளோ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதனால்தான் வெறும் தொட்டி ஒன்று முழுமையாகப் பழக நான்கிலிருந்து ஆறு வாரம்வரை தேவைப்படுகிறது. நம் ஊர் வெப்பத்தில் சில நாட்கள் முன்பின்னாக இருக்கலாம்.

மீதமிருந்த இரண்டு மீன்களையும் அந்தப் பெரியவர் சொன்ன வழியில் காப்பாற்றினேன். முதல் நான்கு நாட்கள் இரையே போடவில்லை. பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை, விரல் நுனியில் எடுக்கும் அளவு மட்டும் போட்டேன். தினமும் காலையில் தொட்டி நீரில் கால் பங்கை எடுத்துவிட்டு, முந்தைய நாளே டிரம்மில் பிடித்துத் திறந்து வைத்து, ஏர் ஸ்டோன் போட்டுக் காற்றேற்றிய நீரை ஊற்றினேன். இரண்டாம் வாரத்தில் அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறத் தொடங்கியபோது, லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் அயோடின் சேர்க்காத கல்லுப்பைக் கரைத்துச் சேர்த்தேன். நைட்ரைட் இரத்தத்தில் நுழைந்து பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும்; உப்பிலுள்ள குளோரைடு செவுளில் அது நுழையும் வழியை மறித்துக்கொள்ளும். இது கோல்டு ஃபிஷ் போன்ற மீன்களுக்குப் பொருந்தும். உப்பைத் தாங்காத செடிகளும் சில மீன்களும் இருக்கும் தொட்டியில் யோசித்துத்தான் செய்யவேண்டும். ஜனவரி மாதம் முழுவதும் இப்படிப் போயிற்று. மாதக் கடைசியில்தான் இரண்டு சோதனைகளும் சுத்தமாக வந்தன.

இதற்குப் பின் நான் செய்தது நேர் எதிரான பிழை. ஃபில்டரைத் தொட்டாலே மீன் செத்துவிடும் என்ற பயத்தில் ஏழு மாதம் அதைத் திறக்கவே இல்லை. ஃபில்டரிலிருந்து விழும் நீர் முதலில் சற்றுத் தளர்ந்தது. பிறகு ஒரு பக்கமாக மட்டும் வழிந்தது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு விடிகாலை, விளக்கு போடும் முன்பே மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டிருப்பதைக் கண்டேன். திறந்து பார்த்தபோது ஸ்பாஞ்ச் முழுவதும் சகதி அடைத்து, நீர் அதனுள் புகாமல் ஓரத்து இடுக்கு வழியாக மட்டும் ஓடியிருந்தது. உள்ளே இருந்த பாக்டீரியாக்களுக்கு நீரும் போகவில்லை, காற்றும் போகவில்லை. அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ 4.6 கிராம் பிராணவாயு செலவாகிறது. அத்தனை மூச்சு தேவைப்படும் உயிர்களை ஏழு மாதச் சகதிக்குள் புதைத்து வைத்திருந்தேன். அந்தச் சகதியில் பெருகும் வேறு வகை பாக்டீரியாக்களும் இருக்கும் பிராணவாயுவைப் பங்குபோட்டுக் கொள்கின்றன. சகதியே அழுகிப் புதிதாக அம்மோனியாவையும் தருகிறது. ஆகவே கழுவுவது அவசியம்தான். எதைக் கழுவுவது, எதில் கழுவுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பவற்றில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது நான் கழுவும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நாள் பார்த்துக் கழுவுவதில்லை. நீரின் ஓட்டத்தைப் பார்த்துக் கழுவுகிறேன். ஒரு லிட்டர்க் குவளையை ஃபில்டரின் வாயில் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று கழுவிய மறுநாள் எண்ணிக் குறித்துக்கொள்வேன். அந்த நேரம் ஒன்றரை மடங்கானால் கழுவவேண்டிய வேளை வந்துவிட்டது என்று பொருள். என் தொட்டிக்கு அது ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. மீன் அதிகமுள்ள தொட்டிக்கு இன்னும் முந்தி வரும்.

முதல் வேலை, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குவது. ஈரக்கையோடு மின்சாரத்தைத் தொடும் வேலை இது என்பதால் சுவிட்சை அணைத்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. பிறகு தொட்டி நீரிலேயே இரண்டு வாளி எடுத்துக்கொள்கிறேன். அந்த வாளிகள் மீன் தொட்டிக்கு மட்டுமானவை. சோப்புத்தூள் ஒருமுறைகூடப் பட்டதில்லை என்று அம்மாவும் மைனியும் அறியும்படி அவற்றின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். முதல் வாளிக்குள் ஸ்பாஞ்சை முழுவதும் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே வைத்து, உள்ளங்கையால் மூன்று நான்கு முறை அழுத்தி விடுகிறேன். முதல் அழுத்தத்தில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் சகதி பொங்கி வரும், நான்காவதில் வெளிறிவிடும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஸ்பாஞ்ச் அப்போதும் பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். முறுக்கிப் பிழிவதோ இரண்டு கைகளுக்கிடையில் தேய்ப்பதோ கூடாது. இப்படி மெதுவாக அழுத்தும்போது தளர்ந்த சகதி போகும். பற்றிக்கொண்டிருக்கும் படலத்தில் பெரும்பகுதி அங்கேயே நிற்கும். அந்தப் படலம் நாம் பயப்படும் அளவுக்கு மெல்லியதன்று. தொட்டி நீரிலேயே அலசினால் அது தாங்கிக்கொள்ளும்.

செராமிக் வளையங்களை வலைப்பையோடு இரண்டாவது வாளியில் முக்கி, தேயிலைப் பையை ஆட்டுவதுபோல நான்கைந்து முறை ஆட்டி எடுப்பதோடு சரி. பிரஷ் அவற்றின் அருகில் போகவே கூடாது. ஸ்பாஞ்சும் வளையங்களும் இருக்கும் ஃபில்டரில் ஒரே நாளில் இரண்டையும் தொடுவதில்லை. இந்த முறை ஸ்பாஞ்ச் என்றால், இரண்டு வாரம் கழித்து வளையங்கள். அதுவும் அடைப்பு இருந்தால் மட்டுமே. கூழாங்கல்லுக்கு அடியிலிருக்கும் கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சும் வேலையையும் அதே நாளில் வைத்துக்கொள்வதில்லை. பாக்டீரியா இருக்கும் இரண்டு வீடுகளையும் ஒரே நாளில் கலைத்துவிட்டால் தப்பிக்க இடமில்லாமல் போகும். பம்பின் சுழல் விசிறியையும், அது சுழலும் குழியையும், ரப்பர்க் குழாய்களின் உட்புறத்தையும் பிரஷ் விட்டு நன்றாகவே தேய்க்கலாம். அங்கிருக்கும் வழுக்கல் நீரோட்டத்தைத்தான் தடுக்கிறது, அதன் இழப்பு பெரிதன்று. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடத்துக்குள் முடிந்து, ஃபில்டர் மீண்டும் ஓடத் தொடங்கிவிட வேண்டும். அன்று மீன்களுக்குப் பாதி இரைதான். வாளியில் மிஞ்சும் காப்பி நிற நீர் கொல்லையிலுள்ள மட்டி வாழைக்குப் போகிறது.

கடையில் விற்கும் சிறிய தொங்கும் ஃபில்டர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றில் பெரும்பாலும் வெள்ளைப் பஞ்சு அட்டை ஒன்றுதான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை எறிந்துவிட்டுப் புதியது போடும்படி உறையில் அச்சிட்டிருக்கும். பாக்டீரியா வாழ்வது அந்த ஒரே அட்டையில் என்னும்போது, அதை எறிவது மாதந்தோறும் தொட்டியைப் புதிதாகத் தொடங்குவதற்குச் சமம். அட்டையைத் தொட்டி நீரில் அலசித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கிழிந்துபோய் மாற்றியே ஆகவேண்டும் என்றால், புதியதைப் பழையதன் பக்கத்தில் செருகி மூன்று நான்கு வாரம் சேர்ந்து ஓடவிட்டுப் பிறகு பழையதை எடுக்கவேண்டும். ஸ்பாஞ்சும் வளையங்களும் தனியே உள்ள பெரிய ஃபில்டரில் மேலே வைக்கும் பஞ்சை மட்டும் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்.

நீரைப் பற்றி ஒரு சொல். எங்கள் வீட்டில் கிணறு உண்டு. கிணற்று நீரில் குளோரின் கிடையாது என்று நம்பி, 2016 முதல் தொட்டிக்குக் கோரி ஊற்றுவது கிணற்று நீரைத்தான். அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் கிணறு கலங்கியபோது, அம்மா சொல்லி அதில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினார்கள். குடிநீருக்கு அது சரியான செயலே; ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு. நான் அந்த நேரம் வேலைக்குப் போயிருந்தேன், மாலையில் வந்து வழக்கம்போல இரண்டு வாளி கோரி ஊற்றிவிட்டேன். வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. உடனே ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டதால் மீன் எதுவும் சாகவில்லை. ஆனால் மூன்று நாட்கள் அம்மோனியா சோதனையில் இளம்பச்சை காட்டியது. கிணறு என்றாலும், குழாய் என்றாலும், மழைக்காலத்தில் வீட்டில் கேட்டுக்கொண்டு ஊற்றுவது நல்லது. ஒருநாள் முழுவதும் திறந்து வைத்துக் காற்றேற்றினால் சாதாரண குளோரின் வெளியேறிவிடும்; அவசரமென்றால் அந்தச் சொட்டு மருந்து. அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட். அது குளோரினை அந்த நொடியிலேயே செயலற்றதாக்கிவிடும்.

கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் செம்மண், வெட்டுக்கல் நிலத்துக் கிணறுகளில் நீர் மென்மையாகவும் சற்றே புளிப்பாகவும் இருப்பது வழக்கம். நீரின் புளிப்பைக் காட்டும் அளவான பிஎச், எங்கள் கிணற்று நீரில் 6.2; ஏழு நடுநிலை, அதற்குக் குறையக் குறையப் புளிப்பு கூடும். இதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. பிஎச் குறைந்த நீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி மீனைச் சுடாத அம்மோனியம் வடிவில் இருக்கும்: 28 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 என்றால் நஞ்சான பகுதி நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே, பிஎச் 8 என்றால் அது ஆறு, ஏழு பங்காகிவிடும். தீமை என்னவென்றால், பாக்டீரியாக்கள் தம் வேலையைச் செய்யும்போது அமிலத்தை உண்டாக்குகின்றன. அதைத் தாங்கும் காரத்தன்மை நீரில் இல்லாவிட்டால் பிஎச் மேலும் இறங்கி, ஆறுக்குக் கீழே போனதும் அவற்றின் வேலையே மந்தமாகிவிடும். நன்றாகக் கழுவிய ஃபில்டர், நல்ல ஓட்டம், ஆனாலும் அம்மோனியா ஏறுகிறது என்று நான் குழம்பி நின்ற ஒரு மாதத்துக்குக் காரணம் இதுதான். குளச்சல் பக்கத்திலிருந்து வீட்டுக்கு வாங்கும் சிப்பியின் ஓடுகள் அதற்கு மருந்தாயின. சதையை எடுத்த பிறகு ஓடுகளை நன்றாகக் கொதிக்கவைத்து, உரசிக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, சுத்தியலால் நொறுக்கி, ஒரு கைப்பிடி அளவு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தேன். சுண்ணாம்பு மெல்லமெல்லக் கரைந்து பிஎச் 7க்கு அருகில் நின்றது. கடற்கரையில் பவளப்பாறைத் துண்டு கிடைத்தாலும் எடுக்கவேண்டாம். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. நாம் தின்ற சிப்பியின் ஓடே போதும்.

ஃபில்டரில் இருப்பது உயிர் என்பதை எனக்கு முழுவதுமாக உணர்த்தியது ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 30ஆம் தேதி காலையில் எங்கள் பகுதியில் ரப்பரும் தென்னையும் வாழையும் சரிந்து, மின்கம்பங்களும் சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வந்தது எட்டாம் நாளில். அதற்கு ஒரு வருடம் முன்புதான் பெரிய தொட்டிக்குக் கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கியிருந்தேன். அது எல்லாப் பக்கமும் இறுக மூடிய பெட்டி. அன்று முழுவதும் வீட்டின் மேல் விழுந்த முருங்கையையும் பாதையை மறித்த மரங்களையும் வெட்டி ஒதுக்குவதிலேயே போயிற்று. மறுநாள் மதியம், அதாவது ஒரு நாளுக்கு மேல் கழிந்த பிறகுதான் ஃபில்டரின் நினைவு வந்தது. பூட்டைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அறை முழுவதும் பரவியது. உள்ளே தேங்கிய நீரில் பிராணவாயு தீர்ந்து, காற்றில்லாமல் வாழும் வேறு பாக்டீரியாக்கள் பெருகத் தொடங்கியிருந்தன. மின்சாரம் வந்தவுடன் அது தானாக ஓடியிருந்தால், அந்த நச்சு நீர் முழுவதும் மீன்களின் மேல் போய் விழுந்திருக்கும். பல மணிநேரம் மின்சாரம் நின்ற பிறகு கேனிஸ்டரைத் திறந்து, உள்ளிருக்கும் நீரைக் கொட்டி, வளையங்களைத் தொட்டி நீரில் அலசாமல் ஓடவிடக் கூடாது என்பதை யாருக்கும் நான் முதலில் சொல்வது இதனால்தான்.

வளையங்களையும் ஸ்பாஞ்சையும் அகலமான பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் பரப்பி, அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் தொட்டி நீரை ஊற்றித் திறந்து வைத்தோம். நீர் ஆழமில்லாமல் பரந்திருந்தால் காற்று மேலிருந்து கரையும். விடுமுறைக்கு வந்து புயலில் மாட்டிக்கொண்ட அக்காவின் மகன், “நான் பாத்துக்கிடுகேன் மாமா” என்று அந்த வேலையை ஏற்றுக்கொண்டான். மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை பேசினிலிருந்து மக்கில் கோரி ஒரு முழ உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றுவான். தொட்டியிலும் அப்படியே ஐம்பது மக்கு. இரவில் பத்து மணிக்கு ஒருமுறை, நான் எழுந்து இரண்டு மணிக்கு ஒருமுறை. மீன்களுக்கு நான்கு நாட்கள் இரை இல்லை. கிணற்றிலிருந்து தினமும் ஒரு வாளி புது நீர். மூன்றாம் நாள் இரவில் ஒரு மீன் இறந்தது, மற்றவை பிழைத்தன. எட்டாம் நாள் எல்லாவற்றையும் அலசி ஃபில்டரை ஓடவிட்டபோது, அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்வரை ஏறி, ஆறாவது நாளில் பூஜ்யத்துக்கு இறங்கியது. புதுத் தொட்டியாக இருந்திருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். பட்டினியிலும் குறைந்த காற்றிலும் அவை உறங்கிக் கிடந்து பிறகு எழக்கூடியவை. காய்ந்துபோனால் மட்டும் எழுவதில்லை. பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை அந்த வாரமே வாங்கி வைத்தேன். இன்றும் மழைக்காலத்துக்கு முன் அதன் பேட்டரியை மாற்றிவிடுவேன்.

மருந்துகளைப் பற்றியும் சொல்லவேண்டும். மெத்திலீன் புளூவும், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளும் நல்லது கெட்டது என்று பார்ப்பதில்லை. நோயுற்ற மீனைத் தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ எடுத்து வைத்து மருந்து கொடுப்பதே முறை. பெரிய தொட்டியில் ஊற்றினால் மீன் நோயிலிருந்து தப்பி அம்மோனியாவில் மாட்டும்.

சென்ற மாதம் நாகர்கோவிலில் வடசேரி பக்கம் குடியிருக்கும் சித்தி புதிதாகத் தொட்டி வாங்கினார்கள். அவர்களுக்காக என் ஃபில்டரில் மூன்று வாரம் கூடுதலாக ஒரு சிறு ஸ்பாஞ்சை ஓடவிட்டிருந்தேன். அதை எடுத்து, தொட்டி நீர் பாதியும் காற்று பாதியுமாக இருக்கும்படி ஒரு பெரிய டப்பாவில் இட்டு, மூடியை இறுக்காமல் மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோனேன். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் என் தொட்டியில் எந்த மீனுக்கும் வெள்ளைப் புள்ளியோ துடுப்பு அழுகலோ வரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே எடுத்தேன்; பாக்டீரியா போகும் வழியில் நோயும் போகும். வீடு சேர்ந்த அரை மணிநேரத்தில் அது அவர்களுடைய ஃபில்டருக்குள் ஓடத் தொடங்கியது. முதலில் மூன்று மாலி மீன்களை மட்டும் விடச் சொன்னேன். ஒன்பதாம் நாள் சித்தி தொலைபேசியில் சோதனைக் குழாயின் படத்தை அனுப்பியிருந்தார்கள். நீர் மஞ்சளாக இருந்தது. ஸ்பாஞ்ச் பழுப்பாகிவிட்டது, கழுவட்டுமா என்று அதன் கீழே கேட்டிருந்தார்கள். நீர் விழும் வேகம் குறையாதவரை தொடவேண்டாம் என்று பதில் எழுதினேன்.